ஆமை புகுந்த வீடு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

   

எங்களுக்கு முன் பேசிய அறிஞர் பெருமக்கள் குறளின் பெருமையையும் சிலம்பின் சிறப்பையும் அழகுற எடுத்துரைத்தார்கள். அவர்களுக்குப் பின் வீடு பெருக்கும் பொறியைப் பற்றிப் பேச எழுவது, விருந்து முடிந்தபின் எச்சில் இலை எடுக்க வருவதை ஒக்கும். ஆயினும் இலை எடுப்பார் இல்லையேல் அடுத்த பந்தி நடவாது அன்றோ? அந்தத் துணிவைப் பற்றிக்கொண்டே பேசத் தொடங்குகின்றோம். பெருக்குதலும் துடைத்தலும் சிறு செயல்கள் என்று எண்ணுவார் இருப்பின், ஒரு வாரம் அவற்றைச் செய்யாது விட்டுப் பார்க்கட்டும். பின்னர் அவர்களே நம் பக்கம் வந்து சேர்வார்கள்.

பொறி வந்த கதை

அகளி வட்டாரத்தில் வாழும் நமக்குத் தூசியைப் பற்றி எவரும் பாடம் சொல்ல வேண்டுவதில்லை. மேற்கே முக்காலியில் மழை கொட்டும் நாளிலும் கிழக்கே ஆனைக்கட்டிப் பக்கம் மண் காய்ந்து கிடக்கும். மழை மறைவு நிலமாகிய அக்கிழக்குப் பகுதியிலிருந்து காற்று வீசினால், காலையில் பெருக்கிய திண்ணையில் நண்பகலில் விரலால் பெயர் எழுதலாம். மழைக் காலத்திலோ செருப்போடும் வண்டிச் சக்கரத்தோடும் சேறு வாசலேறி வரும். துடைப்பம், விளக்குமாறு, சீமாறு என்று நாமும், சூல் என்று மலையாள அன்பர்களும் ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறோம். பெயர் எதுவாயினும் அதைப் பிடித்தவரின் முதுகு ஒரே விதமாகத்தான் வளைகிறது.

எங்கள் இல்லத்தைப் பெருக்கித் துடைப்பதற்கு ஒன்பது ஆண்டுகளாக அடுத்த தெருவிலிருந்து ஓர் அம்மையார் வந்துகொண்டிருக்கிறார். அகவை அறுபதை நெருங்குகிறது. ஈரத்துணியைப் பிழிந்து, தரையில் அமர்ந்து, அமர்ந்தவாறே பின்னோக்கி நகர்ந்து நகர்ந்து துடைப்பது அவர் வழக்கம். இரண்டாண்டுகளுக்கு முன் அவருக்கு முழங்கால் வலி கண்டது. வாரத்தில் இரண்டு நாள் வர இயலாது போயிற்று. அந்நாட்களில் துடைப்பம் எங்கள் இல்லத்தரசியார் கைக்கு மாறியது. அவருக்கோ முன்பே இடுப்பு வலி. குனிந்து வேலை செய்யலாகாது என்பது மருத்துவரின் கட்டளை. ஆண்மக்கள் பெருக்கினால் என்ன என்று இங்குள்ள தாய்மார்கள் கேட்பது எங்கள் காதில் விழுகிறது. பெருக்கிப் பார்த்தோம். ‘மூலைக்கு மூலை குப்பையை மாற்றி வைப்பதற்குப் பெயர் பெருக்குவதா?’ என்று வீட்டில் கேட்டார்கள். தலை குனிந்து துடைப்பத்தைத் திருப்பிக் கொடுத்தோம்.

அந்த நிலையில் கோயம்புத்தூரில் கல்லூரியில் பயிலும் எங்கள் மகள், தானே ஊர்ந்து பெருக்கித் துடைக்கும் பொறி ஒன்று உண்டு என்றாள். 2024-ஆம் ஆண்டு ஓணத் தள்ளுபடியில், 24,000 ரூபாய் விலைக்கு, தவணை முறையில் அதனை வாங்கினோம். பெட்டியைத் திறந்ததும், பெரிய தோசைக்கல்லைக் கவிழ்த்தாற்போல் வட்டமாய்த் தட்டையாய் அது வெளிப்பட்டது. தரையில் வைத்ததும் மெல்ல நகர்ந்தது. எங்கள் அன்னையார் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு ஒரு நிமிடம் உற்று நோக்கினார்.

“ஏஞ்சாமி, ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதுன்னு சொல்லுவாங்க. ஆமையையே தவணைக்கு வாங்கியாந்திருக்கியே, அமீனாவும் கூடவே வருவானா?” என்றார்.

அன்று முதல் அதற்கு ‘ஆமை’ என்பதே எங்கள் வீட்டில் பெயராயிற்று.

தூசு உறிஞ்சும் கலையின் வரலாறு

இவ்வாமையின் மூதாதையர் யாவர் என்பதைச் சற்றுப் பார்ப்போம். 1901-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் ஹூபர்ட் செசில் பூத் என்னும் பொறியாளர், தூசியை ஊதித் தள்ளும் கருவி ஒன்றின் செயல் விளக்கத்தைக் கண்டார். ஊதினால் தூசி பறந்து வேறிடத்தில் அமருமே அன்றி ஒழியாது. உறிஞ்சினால் என்ன என்று அவர் எண்ணினார். உணவு விடுதி ஒன்றில் நாற்காலியின் மெத்தைமீது கைக்குட்டையை விரித்து வாயால் உறிஞ்சிப் பார்த்தார் என்பர். மூச்சுத் திணறியது, ஆனால் கைக்குட்டையின் அடியில் அழுக்குப் படிந்திருந்தது. அவர் அமைத்த பொறி குதிரை வண்டியில் ஏறித் தெருவில் வந்து நிற்கும். அதன் நீண்ட குழாய்கள் சாளரத்தின் வழியே வீட்டுக்குள் நுழையும். ‘பஃபிங் பில்லி’ என்பது அதற்கு மக்கள் இட்ட செல்லப் பெயர். அது முன்னொரு காலத்து நீராவி எஞ்சின் ஒன்றின் பெயர் என்பதை, இரயில்வேயில் உப்பு உண்போர் என்ற முறையில் இங்குச் சொல்லிக்கொள்ள விழைகின்றோம்.

வீட்டிற்குள் கையாளத்தக்க சிறு கருவியைச் செய்தவரோ ஒரு பொறியாளர் அல்லர்; கூட்டிப் பெருக்கும் பணியாளர். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்துக் காண்டன் நகரில் ஒரு பல்பொருள் அங்காடியைப் பெருக்கி வந்தார் ஜேம்ஸ் மரே ஸ்பாங்ளர். அவருக்கு இரைப்பு நோய். துடைப்பம் எழுப்பிய தூசி அவர் நெஞ்சை அடைத்தது. மின்விசிறியின் மோட்டாரையும், துடைப்பக் கட்டையையும், தலையணை உறையையும் ஒன்றாகப் பிணைத்துத் தூசு உறிஞ்சும் கருவியொன்றைத் தாமே செய்துகொண்டார். 1908-ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். அவ்வுரிமையை வாங்கித் தொழில் நடத்தியவர் தோற்பொருள் வணிகராகிய வில்லியம் ஹூவர். இன்று இங்கிலாந்தில் தூசு உறிஞ்சும் செயலுக்கே ‘ஹூவர்’ என்னும் வினைச்சொல் வழங்குகிறது. இருமி இருமிக் கருவியைக் கண்டவரின் பெயரை அறிந்தார் சிலரே. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இவ்விடத்திற்குத் திரும்பி வருவோம்.

தானே இயங்கும் பொறி 2001-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு எலக்ட்ரோலக்ஸ் நிறுவனத்தாரால் விற்பனைக்கு வந்தது. அது வௌவாலைப்போல் கேளா ஒலியை எழுப்பி வழி அறிந்தது. மறு ஆண்டு, 2002-இல், அமெரிக்காவின் ஐரோபோட் நிறுவனம் ‘ரூம்பா’வை வெளியிட்டது. உலகெங்கும் இல்லங்களில் புகுந்தது அதுவே. நம் நாட்டில் இப்பொறிகளைத் தேடுவோர் பெருகியது 2020-ஆம் ஆண்டின் ஊரடங்கில். வேலைக்கு உதவும் தாய்மார்கள் வர இயலாது வீட்டில் அடைபட்டிருந்த காலத்தில், நகரத்து இல்லங்கள் துடைப்பத்தின் எடையை முதன்முறையாக உணர்ந்தன. உலகையே ஆண்ட ஐரோபோட் நிறுவனமும் 2025 டிசம்பரில் கடனுக்கு ஆற்றாது திவால் காப்பு வேண்டி நீதிமன்றம் சென்றது. பொறிக்கும் வாழ்வு தாழ்வு உண்டு போலும்!

ஆமையின் குணமும் குற்றமும்

இது எவ்வாறு வேலை செய்கிறது? அதன் முதுகில் ஒரு சிறு கோபுரம் உண்டு. அதனுள் லேசர் ஒளி சுழன்றுகொண்டே இருக்கும். சுவரில் பட்டுத் திரும்பும் ஒளியைக் கொண்டு தொலைவைக் கணித்து, வீட்டின் வரைபடத்தைத் தானே தீட்டிக்கொள்ளும். அப்படத்தில் தான் நிற்கும் இடம் எது என்பதையும் அறியும். பக்கத்தில் உள்ள தூரிகை மூலைக் குப்பையை உள்ளே தள்ளும். நடுவில் உள்ள உருளை அதைத் தூக்கும். விசிறி உறிஞ்சிச் சிறு பெட்டியில் சேர்க்கும். பின்புறத்தில் நீர்த்தொட்டியும் அதன் அடியில் ஈரத்துணியும் உண்டு. பேட்டரி குறைந்தால், பணி முடித்துக் கொட்டகைக்குத் திரும்பும் எஞ்சினைப்போல், தானே சென்று மின்னேற்றும் மேடையில் பொருந்திக்கொள்ளும். மின்னூட்டம் பெற்றபின் விட்ட இடத்திலிருந்து தொடரும். அலுவலகத்தில் இத்தகைய பணியாளர் பத்துப்பேர் இருப்பின் நன்றாயிருக்குமே என்று நாங்கள் எண்ணியதுண்டு.

ஆனால் அறிவு வேறு, புரிதல் வேறு. எங்கள் வீட்டின் பழைய பகுதியில் கருந்தரை. கறுப்பு ஆக்ஸைடு இட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக்கிய தரை. பாலக்காட்டுப் பக்கத்துப் பழைய வீடுகளில் நீங்களும் கண்டிருப்பீர்கள். அதன் விளிம்பை அடைந்ததும் ஆமை திடுக்கிட்டு நின்றுவிடும். காரணம் இதுதான்: படியில் உருண்டு விழாதிருக்க, அதன் வயிற்றில் கண்ணுக்குப் புலப்படாத ஒளியைத் தரைமேல் வீசும் கருவிகள் உள்ளன. ஒளி திரும்பி வந்தால் தரை, வாராவிடில் பள்ளம். கருந்தரையோ ஒளியை விழுங்கிவிடுகிறது. எங்கள் பாட்டனார் பளபளக்கச் செய்த தரை, ஆமையின் கண்ணுக்கு அதல பாதாளம்!

துணி துவைக்கும் கல்லைக்கூட விழுங்க முயலும் பேராசையும் அதற்கு உண்டு. பாயின் ஓரம், கைப்பேசிக் கம்பி, பாவாடை நாடா ஆகிய அனைத்தும் அதன் வாயில் சிக்கும். நீண்ட கூந்தல் உருளையில் சுற்றிக்கொள்ளும். சிக்கியதும் ஆங்கிலத்தில் உதவி கேட்டு அலறும். தமிழ் அறியாப் பொறி ஆதலின், அன்னையார் அதனிடம் தமிழிலேயே மறுமொழி கூறுவார். ஆனையும் பூனையும் பேசிக்கொண்டாற்போல் இருக்கும் அவ்வுரையாடல்.

பூசையறையில் இட்ட மாக்கோலத்தை முதல் வாரத்திலேயே அழித்துவிட்டது. அன்னையார் அன்று உணவு கொள்ளவில்லை. பின்னர் மகள் கைப்பேசியில் இருந்த வரைபடத்தில் பூசையறை வாயிலை அடைத்து ஒரு கோடு இழுத்தாள். அக்கோட்டை அது இன்றுவரை தாண்டவில்லை. இலக்குவன் கிழித்த கோட்டைத் தாண்டியதால் ஒரு காவியமே நடந்தது. ஆமைக்கு அந்தப் பணிவு உண்டு என்று அன்னையாரும் ஒப்புக்கொண்டார்.

இனி மாவுக் கதை. ஒரு நாள் இரவு ஆட்டி வைத்த இட்லி மாவு பொங்கி, சமையலறைத் தரையில் வழிந்துவிட்டது. எவரும் காணவில்லை. காலை ஆறு மணிக்குத் தன் நேரம் தவறாது ஆமை புறப்பட்டது. மாவைக் குப்பை என்று அது அறியவில்லை. நீர் என்றும் அறியவில்லை. சக்கரத்திலும் துணியிலும் ஏற்றிக்கொண்டு, சமையலறை தொடங்கிக் கூடம், படுக்கையறை, கட்டிலின் அடிப்புறம் முடிய, ஓர் அங்குலம் விடாமல் வீடு முழுவதும் மெழுகிவிட்டது. அதன் உழைப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாங்கள் எழுந்து கால் வைத்தபோது தரை வழுக்கியது. மூன்று நாள் வரை எங்கள் வீட்டில் புளித்த மாவின் மணம் கமழ்ந்தது. உழைப்பு வேறு, கவனம் வேறு என்பதை அன்று அறிந்தோம். மாவு வழிந்ததைக் கண்டால் எந்தப் பெண்மணியாவது அதன்மேல் துடைப்பத்தை இழுப்பாரா?

துடைக்கும் பணியிலும் அதற்கு எல்லை உண்டு. ஈரத்துணியை இழுத்துச் செல்லும். படிந்த தூசியை நீக்கும். எண்ணெய்ப் பிசுக்கையும் உலர்ந்த பாயசத்தையும் அழுத்தித் தேய்க்க அதற்கு வலிமை இல்லை. துணியைத் தானே துவைத்துக்கொள்ளும் உயர்ந்த வகைகளும் இன்று வந்துள்ளன. விலையும் அவ்வாறே உயர்ந்தது. எங்களுடையதின் துணியை நாங்களே துவைக்க வேண்டும். துவையாது விட்டால் அழுக்கைத்தான் வீடெங்கும் பூசும்.

எங்கள் பேரேட்டில் விடுபட்ட பற்று

இப்போது, எங்களுக்குப் பெருமை தராத ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். சொல்லாது விட்டால் இவ்வுரைக்குப் பொருளில்லை.

எங்கள் பணி கணக்கெழுதுவது. பொறி வந்த இரண்டாம் மாதம், இரவு உணவுக்குப் பின் ஒரு தாளை எடுத்துக் கணக்கிட்டோம். பொறியின் விலை 24,000 ரூபாய். பெருக்க வரும் அம்மையாருக்கு மாதம் 2,000 ரூபாய். ஆண்டுக்கு 24,000 ரூபாய். ஆகவே அவரை நிறுத்திவிட்டால் ஓராண்டில் பொறியின் விலை கைக்குத் திரும்பும். அதன்பின் வருவதெல்லாம் மிச்சம். வரவும் செலவும் அழகாகப் பொருந்தின. தாளை அன்னையாரிடம் காட்டினோம்.

அன்னையார் எழுதப் படிக்க அறியாதவர். “என்ன எழுதியிருக்குது, படி” என்றார். படித்தோம்.

“நான் காச்சல்ல கிடந்தப்ப மூணு ராத்திரி அவ இங்கியே படுத்திருந்தாளே, அது எந்தப் பக்கம் எழுதியிருக்குது?” என்று கேட்டார்.

நாங்கள் வாய் திறக்கவில்லை.

“அவ முட்டி தேஞ்சது உன்ற தரையில தான சாமி? ஆமையை அவ வலிக்கோசரம் வாங்குனியா, அவ சோத்துக்கு வாங்குனியா?”

பேரேட்டில் விடுபட்ட பற்றுகளைத் தணிக்கை அலுவலர் கண்டுபிடிக்கும்போது எழுத்தருக்கு உண்டாகும் நாணம் எத்தகையது என்பது எங்களுக்குத் தெரியும். அதனினும் பெரிய நாணம் அன்று உண்டாயிற்று. அவர் முழங்கால் வலியைக் கண்டன்றோ பொறி வாங்கும் பேச்சே எழுந்தது? வலியைக் காரணமாகக் காட்டி வாங்கிவிட்டு, வலியுற்றவரையே வெளியேற்றத் துணிந்தோம்.

மறுநாள் அந்த அம்மையாரை அமரச் செய்து, எங்கள் இல்லத்தரசியார் பேசினார். “அக்கா, இனிமேல் தரையில் உட்கார்ந்து துடைக்க வேண்டாம். ஆமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். வாசலும் திண்ணையும் கருந்தரையும் நின்றவாறே பெருக்கினால் போதும். சம்பளத்தில் குறைவில்லை” என்றார். அம்மையார் நம்பாதவர்போல் எங்கள் அன்னையாரைப் பார்த்தார். அன்னையார் தலையசைத்தார்.

இன்று ஆமையின் பெட்டியைத் தட்டிக் கொட்டுவதும், உருளையில் சுற்றிய கூந்தலைக் கத்தரிப்பதும், துணியைத் துவைத்து மாற்றுவதும், அது புறப்படுமுன் தரையில் கிடப்பவற்றை எடுத்து வைப்பதும் அவர் பொறுப்பு. கைப்பேசியில் அதனை ஏவவும் மகளிடம் கற்றுக்கொண்டார். முன்னர் ஒன்றரை மணி நேரம் ஆன வேலை இன்று முக்கால் மணியில் முடிகிறது. ஒரு மாதம் சென்றபின், “கீழ உக்காந்து எந்திரிக்கிறது இல்லீன்னாவே பாதி நோவு போயிருச்சுங்க அம்மிணி” என்று எங்கள் இல்லத்தரசியாரிடம் கூறினாராம். கணக்கின்படி எங்களுக்கு மிச்சம் ஒன்றுமில்லை. பொறி ஒன்று வாங்கினோம். ஒருவரின் முழங்காலுக்கு ஓய்வு கிடைத்தது. எங்கள் இல்லத்தரசியாரின் இடுப்பும் தப்பியது. இவற்றை வரவில் வைத்தால், கணக்கு நட்டம் என்று எவர் சொல்ல இயலும்?

இவ்வவையிலேயே பிறர் இல்லங்களில் வேலை செய்து மக்களைப் படிக்க வைத்த தாய்மார்கள் அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் முன்னிலையில் எங்களைப் புகழ்ந்துகொள்வதற்காக இதனைச் சொல்லவில்லை. எழுதப் படிக்க அறியாத ஒரு மூதாட்டியார் தடுத்திராவிடில், நாங்கள் எந்தப் பக்கம் சாய்ந்திருப்போம் என்பதை மறைக்காமல் சொல்லவே நிற்கிறோம்.

பயன் யாருக்கு முதலில்?

‘ரோபோ’ என்னும் சொல்லின் பிறப்பை நோக்குங்கள். 1920-ஆம் ஆண்டில் செக் மொழி எழுத்தாளர் காரெல் சாப்பெக் தம் நாடகத்தில் இச்சொல்லை வழங்கினார். ‘ரோபோட்டா’ என்றால் அம்மொழியில் கட்டாய உழைப்பு. நம் பழங் கல்வெட்டுகளில் ‘வெட்டி’ என வருவதும், திருவிதாங்கூரில் ‘ஊழியம்’ எனப்பட்டதும் அத்தகைய கூலியற்ற கட்டாய வேலைகளே. மனிதன் சுமந்த நுகத்தின் பெயரையே பொறிக்கு இட்டார்கள். நுகம் பொறியின்மேல் ஏறியதும், அதனைச் சுமந்தவர் விடுதலை பெற வேண்டுமா, வீதியில் நிற்க வேண்டுமா? இதுவே நம்முன் உள்ள வினா.

1924-ஆம் ஆண்டில் ஓர் இளைஞர் காந்தியடிகளிடம், எல்லா இயந்திரங்களையும் தாங்கள் வெறுக்கின்றீர்களா என்று கேட்டார். அவர் பிற்காலத்தில் டாக்டர் சௌந்தரம் அம்மையாருடன் திண்டுக்கல்லுக்கு அருகே காந்திகிராமத்தை நிறுவிய ஜி. இராமச்சந்திரன். தையல் இயந்திரத்திற்கு அடிகள் விலக்கு அளித்தார். தையலில் வாடிய மனைவிமீது கொண்ட அன்பினால் பிறந்தது அப்பொறி என்பது அவர் கூறிய காரணத்தின் சாரம். ஸ்பாங்ளரின் கருவி பிறந்ததும் உழைப்பவனின் மூச்சுத் திணறலில் அன்றோ? பெருக்குபவரின் நெஞ்சிலிருந்து பிறந்த பொறி, பெருக்குபவரின் வயிற்றில் அடிக்கலாமா?

வீட்டுத் தரையோடு இவ்வினா முடிவதில்லை. 2015 நவம்பரில் கோழிக்கோட்டில் பாதாளச் சாக்கடைக் குழியில் இறங்கிய தொழிலாளர் இருவர் நச்சுக் காற்றில் மயங்கினர். அவர்களைக் காக்கக் குதித்த ஆட்டோ ஓட்டுநரும் அவர்களோடு மாண்டார். அத்துயரம் உள்ளத்தைத் தைக்க, குற்றிப்புறம் பொறியியல் கல்லூரியில் பயின்ற இளைஞர்கள் சிலர் ஜென்ரோபோட்டிக்ஸ் என்னும் நிறுவனத்தின் வாயிலாக, குழியில் மனிதனுக்கு மாற்றாக இறங்கும் பொறி ஒன்றைப் படைத்தனர். 2018-இல் அது திருவனந்தபுரத்தில் பணிக்கு வந்தது. ‘பாண்டிகூட்’ என்பது அதன் பெயர். பெருச்சாளி என்று பொருள். பன்றியெலி எனப் பொருள்படும் தெலுங்குச் சொல்லிலிருந்து ஆங்கிலம் எடுத்துக்கொண்ட சொல் அது. அதன் கால்களும் கையும் குழிக்குள் இறங்கி அடைப்பை வாரும். மேலே நிற்பவர் கேமரா காட்டும் படத்தைப் பார்த்து அதனை இயக்குவார். இயக்குபவர் யார் தெரியுமா? முன்பு குழியில் இறங்கிய தொழிலாளர்களுக்கே அப்பயிற்சி அளிக்கப்பட்டது. 2023-இல் குருவாயூரிலும் அப்பொறி பணிக்கு வந்தது.

ஆயினும் 2024 ஜூலையில், திருவனந்தபுரம் இரயில் நிலையத்தின் அடியில் ஓடும் ஆமயிழஞ்சான் ஓடையில் குப்பை அகற்ற இறங்கிய தொழிலாளி ஒருவர் வெள்ளத்தில் இழுத்துச் செல்லப்பட்டார். இரண்டு நாட்களுக்குப்பின் உடல்தான் கிடைத்தது. அவரைத் தேடுவதற்குப் பொறிகள் கொண்டுவரப்பட்டன. இறங்குவதற்கு மனிதன், தேடுவதற்குப் பொறி! இரயில்வேயில் பணிபுரியும் நாங்கள் அச்செய்தியைத் தலை குனிந்தே படித்தோம். மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடை செய்யும் சட்டம் 2013-இல் வந்தது. சாக்கடையில் உயிரிழப்போர் குடும்பத்திற்கு இழப்பீடு 30 இலட்சம் ரூபாய் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. இத்தனைக்குப் பின்னும் மனிதன் இறங்குகிறான். அவ்வாண்டு ஓணத்திற்கு எங்கள் வழவழப்பான தரையில் ஓர் ஆமை ஊரத் தொடங்கியது. பெயரைக் கேட்டால் ஆமை ஊர்வதை நினைவூட்டும் அந்த ஓடையிலோ, பொறி ஊர்ந்திருக்க வேண்டிய இடத்தில் ஒரு மனிதன் இறங்கினான். எங்கள் தரையில் தூசி இருந்தால் எவரும் சாவதில்லை.

வாங்க விழைவோர்க்குச் சில சொற்கள்

இப்பொறியை வாங்க எண்ணும் அன்பர்கள் முதலில் தங்கள் தரையைப் பாருங்கள். கருந்தரையும் உயர்ந்த நிலைப்படியும் மிகுந்த வீட்டிற்கு அது ஒவ்வாது. ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் உயரமே அதனால் ஏற இயலும். அடிக்கடி பழுதாகும் தூரிகையும் வடிகட்டியும் நம் ஊரில் கிடைக்குமா என்று கேட்டு வாங்குங்கள். இரவில் ஏவாதீர்கள், மாவுக் கதையை மறவாதீர்கள். கேமரா உள்ள வகையாயின், படங்கள் எங்குச் செல்கின்றன என்று அறிந்துகொள்ளுங்கள். சோதனைக் காலத்துப் பொறிகள் வீடுகளுக்குள் எடுத்த படங்கள் இணையத்தில் கசிந்த செதி 2022-இல் வெளிவந்ததுண்டு. இவை எல்லாவற்றிற்கும் மேலாக, உங்கள் தரையை இதுவரை துடைத்தவர் யார் என்பதையும், பொறி வந்தபின் அவர் என்ன ஆவார் என்பதையும் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள்.

முழுச் சம்பளமும் தர எல்லாராலும் இயலாது என்பதை அறிவோம். இயன்றதைச் செய்யலாம். வேறு இலகுவான வேலை தரலாம். புது வேலை கிடைக்கும்வரை பொறுக்கலாம். குறைந்தது, ஒரு நாள் காலையில் ‘நாளை முதல் வரவேண்டாம்’ என்று வாசலில் நிறுத்திச் சொல்லாதிருக்கலாம். பிழைப்புத் தேடி மலையேறி வந்த குடும்பங்களின் வழிவந்தோர் நாம். ‘நாளை முதல் வரவேண்டாம்’ என்னும் சொல்லின் சூடு நம் வீடுகளில் எவரும் அறியாததன்று.

எங்கள் அன்னையார் இன்றும் ஆமையை முழுதும் நம்புவதில்லை. அது பெருக்கிச் சென்ற இடத்தில் விரலை வைத்துத் தேய்த்துப் பார்ப்பார். சென்ற பொங்கலன்று அந்த அம்மையாருக்கும் எங்கள் இல்லத்தரசியாருக்கும் புடவை எடுத்தபோது, “ஆமை புகுந்தும் வீடு உருப்பட்டிருக்கிறதே அம்மா, பழமொழி பொய்யா?” என்று கேட்டோம்.

“பழமொழி பொய்யில்லை. அவ போயிருந்தா அன்னிக்குத் தெரிஞ்சிருக்கும்” என்றார்.

அதற்குமேல் சொல்ல எங்களிடம் ஒன்றுமில்லை. விழா முடிந்தபின் இந்த மண்டபத்தைப் பெருக்கித் தூய்மை செய்ய இப்போதே வாயிலில் காத்திருக்கும் இரண்டு அம்மையார்களுக்கு எங்கள் நன்றி. அவர்கள் பணி எளிதாகும்படி, நாம் பருகிய தேநீர்க் கோப்பைகளை நாமே எடுத்துச் சென்று தொட்டியில் இடுவோமாக.